திரும்பினால்தான் தூரம் தெரியும்

நீர்மூழ்கிக் கப்பலின் பலம் அதன் மௌனத்தில் இருக்கிறது. டார்பிடோவும் ஏவுகணையும் அதற்குப் பிறகுதான். இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய நீர்மூழ்கியும் தப்பிக்க வழி குறைந்த இரும்புக் கூடுதான். அதனால் எதிரி அருகில் இருக்கிறான் என்ற ஐயம் எழுந்தவுடன் உள்ளே பேச்சுக் குறையும், தேவையற்ற இயந்திரங்கள் நிறுத்தப்படும், ஒரு ஸ்பேனர் கைதவறி விழுவதுகூடக் குற்றமாகும். மேலே செல்லும் கப்பலுக்கும் கீழே பதுங்கியிருக்கும் கப்பலுக்கும் இடையே நடப்பது, யார் யாரை முதலில் கேட்டுவிடுகிறார்கள் என்ற போட்டி.

கடல்நீர் ஒளியைச் சில நூறு மீட்டருக்குள் விழுங்கிவிடும். ரேடியோ அலைக்கும் அதே கதிதான். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கென்றே மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் நிலையம் அது. வானளாவிய கோபுரங்களை நட்டு அத்தனை ஆற்றலோடு அனுப்பினாலும் அந்த அலை நீருக்குள் இறங்குவது மேற்பரப்பிலிருந்து கொஞ்ச ஆழம்தான். ஒலிக்கு மட்டும் கடல் வழிவிடுகிறது. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. பல கிலோமீட்டர், சில வேளை பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கிறது. ஆகவே கடலுக்கடியில் கண் என்றால் காதுதான்.

அந்தக் காதை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, நாமே ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது. போய்வந்த நேரத்தைப் பாதியாக்கி 1500-ஆல் பெருக்கினால் தூரம் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒலி எழுப்பியவன் தன் இருப்பிடத்தையும் சேர்த்தே அறிவிக்கிறான். நம் குரல் ஒருவழிப் பயணத்திலேயே எதிரியை எட்டிவிடும். எதிரொலியோ இருவழிப் பயணம் முடித்து இளைத்து வர வேண்டும். அதனால் நாம் அவனைக் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்பே அவன் நம்மைக் கண்டுபிடித்துவிடுவான். இரண்டாவது வழி, வாயை மூடிக்கொண்டு கேட்பது. எதிரியின் இயந்திரத்திலிருந்தும் புரொப்பல்லரிலிருந்தும் தானாகக் கசியும் ஒலியைக் கேட்டு, அதிலிருந்து அவன் எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் போகிறான், எவ்வளவு வேகத்தில் போகிறான் என்று கணக்கிடுவது. எங்கள் ராசிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் இந்த இரண்டாவது வழியைப் பற்றிப் படிக்கப் படிக்க, கடலைவிடக் கரையைப் பற்றித்தான் அது அதிகம் சொல்லித்தருவதாக எனக்குப் படுகிறது.

இது விளையாட்டுக் கணக்கன்று. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கடற்பகுதியில் நீர்மூழ்கியைத் தேடிப் போன இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். குக்ரி, தேடப்பட்ட நீர்மூழ்கியாலேயே மூழ்கடிக்கப்பட்டது. பாகிஸ்தானின் ஹாங்கோர் நீருக்கடியிலிருந்து அதன் நகர்வைப் பின்தொடர்ந்து, தூரமும் போக்கும் உறுதிப்பட்டபின் டார்பிடோவை ஏவியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு வெளியேறாமல் அதனோடு கடலுக்குள் போனார். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் திரும்பவில்லை. தேடியவனுக்கு எதிரி இருக்கும் இடம் தெரியவில்லை, தேடப்பட்டவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரவின் முழுக் கணக்கும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிட்டது.

அந்தப் போருக்குப் பின், ஒலியால் தேடும் கருவியான சோனாரைக் கடற்படைக்காகச் சீராக்கும் வேலையில் இறங்கியவர்களில் முதன்மையானவர் ஒரு கொங்கு நாட்டுக்காரர். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்து, பதினைந்தாம் வயதில் கடற்படைப் பயிற்சிக்குப் போன ஆரோக்கியசாமி பால்ராஜ். டெல்லி ஐ.ஐ.டி.யில் சிக்னல்களை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர். கொச்சியில் உள்ள கடற்படை இயற்பியல், கடலியல் ஆய்வகத்தில் அவர் தலைமையில் உருவான ‘அப்சோ’ சோனார் 1983-இல் கடற்படையில் சேர்ந்தது. ஒலி எழுப்பியும் தேடும், எழுப்பாமல் வெறுமனே கேட்கவும் செய்யும். கடலே இல்லாத ஊரில் பிறந்தவர் நாட்டின் கப்பல்களுக்குக் காது செய்துகொடுத்தார்.

வெறுமனே கேட்கும் அந்தக் காதுக்கு என்ன கிடைக்கிறது? கப்பலின் அடியிலோ பின்னால் இழுத்துச் செல்லும் நீண்ட வடத்திலோ நீருக்கடியில் ஒலி கேட்கும் ஹைட்ரோபோன்கள் வரிசையாக இருக்கும். ஒரே ஒலி ஒவ்வொன்றையும் நொடியின் மிகச் சிறு பங்கு முன்பின்னாக வந்தடையும். அந்த வேறுபாட்டிலிருந்து ஒலி வரும் திசை தெரிந்துவிடும். சோனார் அறையில் இருப்பவரின் திரையில் இது அருவி போல மேலிருந்து கீழாக ஓடும். குறுக்கே திசை, நெடுக்கே நேரம். இரைச்சலின் புள்ளிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தென்பட்டால், அது ஒரு கப்பல். கோடு சாய்ந்தால் திசை மாறுகிறது. கோடு செங்குத்தாகவே இறங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கப்பல் வெகு தொலைவில் இருக்கிறது, அல்லது நேராக நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. திசை மாறாமல் ஒலி மட்டும் வலுத்துக்கொண்டே வந்தால் அது மோதல் பாதை என்பது மாலுமிகளின் பாலபாடம். அசையாததுபோலத் தெரிவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஆக, திசை தெரியும். தூரம் தெரியாது. முழுச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆண்டகளூர் கேட்டில் நாமக்கல் பஸ் ஏறி இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். புதுச்சத்திரம் தாண்டும்போது நைனாமலை விறுவிறுவென்று பின்னால் நகரும். அதற்கு அப்பால் நீளும் கொல்லிமலைத் தொடரோ கூடவே வருவதுபோல மெதுவாகத்தான் நகரும். வேகமாகத் திசை மாறுவது பக்கத்தில் இருக்கிறது, மெதுவாக மாறுவது தொலைவில் இருக்கிறது என்று மனம் தானே கணக்குப் போட்டுவிடுகிறது. பஸ்ஸின் வேகம் தெரிந்தால் மலையின் தூரத்தையே கண்டுபிடித்துவிடலாம். நேராகப் போகும் பஸ் போதும்; ஏனென்றால் மலை நின்ற இடத்தில் நிற்கிறது.

கடலில் அந்த மலையும் நகர்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்பதே கேள்வி. நாம் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகிறோம், எதிரியும் அப்படியே போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் 5 கிலோமீட்டர் தொலைவில், நம்மோடு ஒப்பிடும்போது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறான். அல்லது 10 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்கிறான். அல்லது 20 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 20 மீட்டர். இந்த மூன்றுக்கும் நம் திரையில் விழும் கோடு ஒன்றே. நொடிக்கு நொடி, துல்லியமாக, ஒன்றே. பக்கத்தில் மெல்லப் போகிறவனையும் தொலைவில் விரைந்து போகிறவனையும் பிரித்துக்காட்ட அந்தக் கோட்டில் எந்தத் தடயமும் கிடையாது.

இதைப் படிக்கும்போது மனம் ஏற்க மறுக்கும் இடம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் கேட்டால் தெரியாதது ஒரு மணி நேரம் கேட்டால் தெரியாதா? காதைக் கூர்மையாக்கினால் தெரியாதா? பெரிய கணினி வைத்தால் தெரியாதா? தெரியாது. பிழையே இல்லாத காது கிடைத்து, நாள் முழுக்கக் கேட்டாலும் தெரியாது. குறை காதிலும் இல்லை, நேரத்திலும் இல்லை. நாம் போய்க்கொண்டிருக்கும் பாதையில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நியூபோர்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த நார்டோன், ஐடாலா இருவரும் 1981-இல் இதைக் கணித நிரூபணமாகவே எழுதிவைத்தார்கள்: நேராகச் செல்லும் இலக்கின் தூரத்தைத் திசையை மட்டும் கொண்டு அறிய வேண்டுமானால், கவனிக்கும் கப்பல் தன் போக்கை மாற்ற வேண்டும்.

போக்கை மாற்றியவுடன் நடப்பதைப் பாருங்கள். முதலில் ஒலி வரும் கோட்டுக்குக் குறுக்கே வலப்பக்கமாக நொடிக்கு 3 மீட்டர் போகிறோம். பிறகு திரும்பி இடப்பக்கமாக அதே வேகத்தில் போகிறோம். நம் குறுக்கு வேகம் மொத்தம் நொடிக்கு 6 மீட்டர் மாறியிருக்கிறது. எதிரி தன் வழியில் மாறாமல் போகிறான். ஆகவே திரையில் தெரியும் மாற்றம் முழுக்க நம்மால் வந்தது. திசை நகரும் வேகத்தில் நிமிடத்துக்கு 2 டிகிரி வித்தியாசம் வந்தால் அவன் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறான். 4 டிகிரி என்றால் சுமார் 5 கிலோமீட்டர். 1 டிகிரிதான் என்றால் சுமார் 20 கிலோமீட்டர். ஒரு நிமிடம் முன்புவரை பிரித்தறிய முடியாமல் ஒன்றாக நின்ற மூன்று சாத்தியங்கள், நாம் திரும்பியதும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. எக்லண்ட் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1950-களில் வகுத்த இந்த எளிய வகுத்தல் கணக்கு, நீர்மூழ்கிக்காரர்களிடையே அவர் பெயராலேயே வழங்குகிறது.

கடலுக்கு முன்பே வானத்தில் இந்தப் புதிர் எழுந்திருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாஸ்ஸி ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். செரெஸ் என்று பெயரிட்டார். பிப்ரவரி 11 வரை பார்த்தார்; பிறகு அது சூரியனின் ஒளிக்குள் மறைந்துபோயிற்று. அவரிடம் மிஞ்சியவை திசைகள் மட்டுமே. தொலைநோக்கி தூரத்தைச் சொல்லாது. 24 வயது நிரம்பிய கணிதவியலாளர் காஸ் அந்தத் திசைகளிலிருந்தே அதன் பாதையைக் கணக்கிட்டு, எங்கே தேட வேண்டும் என்று சொன்னார். அந்த ஆண்டின் கடைசி இரவில், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே செரெஸ் மீண்டும் அகப்பட்டது. காஸின் மேதைமையை உலகம் இன்றும் புகழ்கிறது, புகழட்டும். ஆனால் அவர் நின்றுகொண்டிருந்த பூமியும் அவருக்கு உதவியது. அது நேர்கோட்டில் போகவில்லை. ஒவ்வொரு நாளும் சூரியனைச் சுற்றி வளைந்துகொண்டே போனது. வானியலாளருக்கு அந்தத் திருப்பம் இலவசமாகக் கிடைத்தது.

மாலுமிக்கு அது இலவசமில்லை. திரும்புவதற்கு நேரம் செலவாகிறது. பின்னால் இழுபடும் ஹைட்ரோபோன் வடம் திருப்பத்தில் வளைந்துவிடும். அது மறுபடி நேராகும்வரை காது குழம்பும். இதுவரை போய்க்கொண்டிருந்த வசதியான பாதையை விட வேண்டியிருக்கும். திரும்பும்போது எழும் சலசலப்பில் நாமே அகப்பட்டுக்கொள்ளவும் கூடும். திருப்பத்திலும் வீண் திருப்பம் உண்டு. ஒலி வரும் கோட்டிலேயே முன்னோ பின்னோ வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் திசையில் மாற்றம் வராது, தெரிந்துகொள்ள எதுவும் கிடைக்காது. எதிரியும் வளைந்து வளைந்து போகிறவனாக இருந்தால் ஒரு திருப்பம் போதாது. கவனிக்கிறவனின் அசைவு, கவனிக்கப்படுகிறவனின் அசைவைவிட ஒரு படி செழுமையாக இருக்க வேண்டும் என்பதே இங்கு விதி. அறிய விரும்புகிறவன்தான் அதிகம் அசைய வேண்டும்.

இதுவரை சொன்னதில் காதுக்குப் பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் கடல் ஒருபோதும் ஓயாது. அலை, மழை, மீன், கொடுக்கால் சொடுக்கும் இறால், தூரத்துச் சரக்குக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்த இரைச்சலிலிருந்துதான் ஒரு கோட்டை எடுக்க வேண்டும். நீரின் வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் மாறுவதால் ஒலி வளைந்து வருகிறது. 10 கிலோமீட்டரில் 1 டிகிரிப் பிழை என்றால் பக்கவாட்டில் 175 மீட்டர் தவறு. தூரத்தில் விழும் தவறு அதைவிடப் பல மடங்கு பெரியது. இங்கேதான் புள்ளியியல் உள்ளே வருகிறது. அதன் வேலை விடை சொல்வதோடு முடியாது. விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஒழுங்கான மதிப்பீடு எதிரியைப் புள்ளியாகக் காட்டாது. ஒரு நீள்வட்டமாகக் காட்டும். பக்கவாட்டில் ஒடுங்கி, தூரத்தின் வாக்கில் நீண்டு கிடக்கும் நீள்வட்டம். அதன் நீளம் நம் அறியாமையின் நீளம்.

அந்த நீள்வட்டத்தை எவ்வளவுதான் சுருக்க முடியும்? இதற்கான அளவுகோல் கல்கத்தாவில் பிறந்தது. அங்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் சி.ஆர். ராவிடம், பின்னாளில் பொருளியலாளராகப் பெயர்பெற்ற தாண்டேகர் என்ற மாணவர் ஒரு கேள்வி கேட்டார். தரவுகள் ஏராளமாக இருக்கும்போது சொல்லப்படும் துல்லியத்தின் எல்லையை, தரவுகள் குறைவாக இருக்கும்போதும் சொல்ல முடியுமா? ராவ் அன்றிரவே உட்கார்ந்து விடை கண்டார். 1945-இல் கட்டுரையாக வந்தது. கையிலிருக்கும் தரவில் எவ்வளவு தகவல் பொதிந்திருக்கிறதோ, அதற்குமேல் துல்லியத்தை எந்தப் பாரபட்சமற்ற மதிப்பீட்டாலும் எட்ட முடியாது என்பதே அதன் சாரம். கிராமேர்–ராவ் வரம்பு என்று உலகம் முழுவதும் வழங்கும் அந்த வரம்பைக் கொண்டுதான் இன்றும் ஒவ்வொரு சோனார் கணக்கு முறையையும் எடைபோடுகிறார்கள். திரும்பாமல் நேராகவே போகும் கப்பலுக்குத் தூரத்தின் வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் விடை முடிவிலியாக வரும். ராவின் கணிதம் அங்கே கையை விரித்துவிடுகிறது. உன்னிடம் தகவலே இல்லை, என்னிடம் ஏன் கேட்கிறாய் என்கிறது.

அதே நகரத்தில் புள்ளியியலாளர் மகலநோபிஸ் 1936-இல் வரையறுத்த ‘தூரம்’ இன்னொரு இடத்தில் கைகொடுக்கிறது. திரையில் இரண்டு கோடுகள் குறுக்கிட்டுப் பிரிந்தால், எது நாம் பின்தொடரும் கப்பல், எது வேறு? நம் எதிர்பார்ப்புக்கும் வந்த அளவீட்டுக்கும் உள்ள இடைவெளியை, நம் சந்தேகத்தின் அளவால் எடைபோட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சூத்திரம். சந்தேகம் பெரிதாக இருக்கும்போது பெரிய விலகலையும் ஏற்கலாம். உறுதி பெரிதாக இருக்கும்போது சிறு விலகலும் அந்நியம். மனிதக் கூட்டங்களின் உடலளவுகளை ஒப்பிடப் பிறந்த கணக்கு, கடலுக்கடியில் ஆள் அடையாளம் காணப் பயன்படுகிறது.

கணக்கு முறைகள் எத்தனையோ வந்தன. 1960-இல் கால்மன் தந்த வடிகட்டியே அவற்றில் மூலம். பழைய ஊகத்தைக் கையில் வைத்துக்கொள், புதிய அளவீடு வந்தால் இரண்டின் நம்பகத்தையும் ஒப்பிட்டு நடுவில் ஓர் இடத்துக்கு நகர், அடுத்த அளவீட்டுக்குக் காத்திரு. இந்த எளிமை சந்திரனுக்கு மனிதனைக் கொண்டுபோன கலத்துக்கும் வழிகாட்டியது. ஆனால் திசையை மட்டும் கொண்டு கடலில் தேடும்போது அது ஒரு விசித்திரமான நோய்க்கு ஆளாவதை ஐடாலா 1979-இல் விளக்கினார். தொடக்க ஊகம் தவறாக இருந்தால், கப்பல் திரும்புவதற்கு முன்பே, தூரத்தைப் பற்றி எந்த உண்மைத் தகவலும் வராத நிலையிலேயே, வடிகட்டி தனக்குத் தூரம் தெரிந்துவிட்டதாக நம்பத் தொடங்கும். நீள்வட்டம் தன்பாட்டில் சுருங்கும். அதன்பின் கப்பல் திரும்பி உண்மையான தகவல் வந்து சேரும்போது, அதைக் காதில் வாங்காது. எனக்குத்தான் முன்பே தெரியுமே என்று தள்ளிவிட்டு, தவறான தூரத்தோடு உறுதியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இதைப் படித்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஓர் இயந்திரக் கணக்கில் மனித மனத்தின் இத்தனை துல்லியமான படத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் அங்கே இல்லை. அளவீடுகளிலும் குறையில்லை. உறுதி மட்டும் ஆதாரத்தை முந்திக்கொண்டது, அவ்வளவே. உறுதி முந்திக்கொண்ட பிறகு வருகிற உண்மைக்கு நுழைய வாசல் இல்லாமல் போகிறது.

இந்த நோய்க்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட மருந்துகளும் கவனிக்கத்தக்கவை. 1983-இல் ஐடாலாவும் ஹாமலும் கணக்கை வேறு விதமாக அடுக்கினார்கள். திசை, திசை மாறும் வேகம், தூரம் மாறும் வேகத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றும் திரும்பாமலே தெரிந்துகொள்ளக்கூடியவை. தூரம் ஒன்றுதான் திரும்பினால் மட்டும் தெரியும். அதை முதல் மூன்றிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தார்கள். தெரியாதது தெரிந்தவற்றோடு கலந்து அவற்றையும் கெடுக்காதபடி ஒரு தடுப்பு. நம் நாட்டில் விசாகப்பட்டினத்தின் கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்தைச் சேர்ந்த கோடேஸ்வர ராவ், 2001-லும் 2005-லும் வெளியிட்ட கட்டுரைகளில், திசையை மட்டும் கொண்டு தொடரும் முறைகளை இந்தியச் சூழலில் முன்னெடுத்தார். போக்கை மாற்றிக்கொண்டே செல்லும் இலக்குக்கும் அதைப் பொருத்தினார். 1993-இல் பிரிட்டனின் கார்டன், சால்மண்ட், ஸ்மித் மூவரும் துகள் வடிகட்டியை அறிமுகப்படுத்தியபோது, எடுத்துக்காட்டாக அவர்கள் தேர்ந்ததும் இதே புதிர்தான். ஒரே ஊகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் ஆயிரக்கணக்கான ஊகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, ஒவ்வோர் அளவீடு வரும்போதும் பொருந்தியதற்கு எடை கூட்டி, பொருந்தாததைக் கழிப்பது அந்த முறை. இவற்றோடு எல்லாரும் கைக்கொள்ளும் சிறு வழக்கம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு படியிலும் கணக்குக்குள் கொஞ்சம் சந்தேகத்தைத் தெரிந்தே சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் நாளடைவில் வடிகட்டி கேட்பதையே நிறுத்திவிடும்.

பால்ராஜின் பிற்கால வாழ்வும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஸ்டான்ஃபோர்டில் ராய், கைலாத் ஆகியோரோடு சேர்ந்து 1980-களில் அவர் உருவாக்கிய முறை, ஒரேமாதிரியான இரண்டு ஏற்பிகளின் கூட்டத்தைச் சற்று இடம் தள்ளி வைத்து, அந்த இடப்பெயர்ச்சியிலிருந்தே அலைகள் வரும் திசைகளைக் கண்டறிவது. கடற்படையிலிருந்து விடைபெற்று 1991-இல் ஸ்டான்ஃபோர்டிலேயே சேர்ந்தபின், திசைவாரியாக அலைகளைப் பிரிக்கும் அந்த அறிவிலிருந்து 1992-இல் பிறந்ததுதான், பல ஆன்டெனாக்களால் ஒரே அலைவரிசையில் பல தரவோட்டங்களை அனுப்பும் மிமோ தொழில்நுட்பம். இன்று ராசிபுரம் பஸ் நிலையத்தில் நிற்பவர் கையிலிருக்கும் செல்போனிலும் வீட்டு வைஃபையிலும் அது ஓடுகிறது. கப்பலைக் கேட்பதற்காகப் பிறந்த அறிவு மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்பதற்கு வந்து சேர்ந்தது.

ஆனால் ஒருவரையொருவர் கேட்கிறோமா? பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த அந்தக் கொல்லிமலைக்கே வருகிறேன். மலையிலிருந்து அன்னாசியும் பலாவும் மிளகும் வாழையும் இறங்குவதைச் சமவெளிக்காரர்கள் தலைமுறைகளாகப் பார்த்துவருகிறோம். குச்சிக்கிழங்கு மூட்டைகள் லாரி லாரியாக இறங்கி, நம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போவதையும் பார்க்கிறோம். மலையைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. தெரிந்தது திசை. எந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்பது மட்டும். அந்தக் கிழங்கு ஏறிய வயல்களிலிருந்து எது இறங்கிப்போனது என்பது கீழே நின்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. 1990-களிலிருந்து சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையேறிப் போய் அங்குள்ள பழங்குடி உழவர்களோடு வேலை செய்தபோதுதான், சாமையும் தினையும் கேழ்வரகும் அவற்றின் பல நாட்டு ரகங்களும் எவ்வளவு வேகமாக அங்கே சுருங்கிவருகின்றன, அதில் நம் ஆலைகளின் தேவைக்கு எவ்வளவு பங்கு என்பது பொதுவில் பேச்சாயிற்று. காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் திரும்பித்தான் ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் நேராகப் போய்க்கொண்டே எத்தனை ஆண்டு பார்த்தாலும் கிடைக்காத அறிவு அது.

நாம் ‘நன்றாகத் தெரியும்’ என்று சொல்லும் மனிதர்களில் பெரும்பாலோரை இப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறோம். பக்கத்துத் தெருவை, வேறு சாதிக்காரரை, வேறு கட்சிக்காரரை, தலைமுறை மாறிப்போன பிள்ளைகளை, மனம் தளர்ந்த பெற்றோரை. நம் பாதை மாறாமல், நம் வேகம் மாறாமல், நம் வசதியான நேர்கோட்டிலிருந்தே நீண்ட காலம் கவனித்து வருகிறோம். நீண்ட காலம் என்பதையே ஆதாரமாகவும் காட்டுகிறோம்: முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? கடலின் கணக்கு இதற்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. ஒரே பாதையிலிருந்து பார்த்த முப்பது வருஷம் திசையைத்தான் தரும். பக்கத்தில் மெல்ல வருகிறவரையும் தூரத்தில் விரைந்து விலகுகிறவரையும் அது ஒன்றாகவே காட்டும். இதற்குள் நம் உறுதி சுருங்கி இறுகிவிட்டிருந்தால், அவர்களே வாய்திறந்து சொல்லும் உண்மையும் நமக்கு இரைச்சலாகத்தான் கேட்கும்.

பிறர் பேச மறுக்கிறார்கள், மறைக்கிறார்கள், புரிந்துகொள்ளவே முடியாதவர்களாக இருக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வது நம் வழக்கம். எதிரியின் மௌனத்தைக் குறைசொல்ல மாலுமிக்கு நேரமில்லை. எதிரியிடம் அவன் எதுவும் கேட்பதில்லை; தன் சுக்கானைத் திருப்புகிறான். அந்தத் திருப்பத்துக்கு உரிய விலையைத் தானே கொடுக்கிறான். கிடைத்த விடையை நீள்வட்டத்தோடு சேர்த்துத்தான் எழுதிக்கொள்கிறான். எவ்வளவு தெரியும் என்பதற்குப் பக்கத்திலேயே எவ்வளவு தெரியாது என்பதற்கும் இடம் விடுகிறான். அடுத்த செய்தி வந்தால் நகர்ந்துகொடுக்க ஆயத்தமாக இருக்கிறான். அன்பு என்றும் நீதி என்றும் நாம் சொல்லும் பெரிய சொற்களுக்குள் இருக்கும் உழைப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒருவர் வாய்திறக்காமலே அவரை நாம் அறிந்துகொள்ளலாம். நாம் திரும்பாமல் எவரையும் அறிந்துகொள்ள முடியாது.